நூறு சதவீதம் என்றால் என்ன? – டாஸ்க் மேனேஜர் குறித்து ஒரு விமர்சனக் குறிப்பு

கடந்த சில மாதங்களாக ஒரு குற்ற உணர்வோடு இருக்கிறேன். அதிலிருந்துதான் இந்தக் குறிப்பைத் தொடங்க வேண்டும்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்தில், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். கட்டுமரம் ஓட்டிய கடைசித் தலைமுறைப் பெரியவர்களிடம் பேசி, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் அவர்கள் சொல்லும் பெயர்களை ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார். வாடை, கச்சான், வன்னி, தெண்டி என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கதை இருக்கும். எந்த மாதம் வரும், எந்த மீன் கிடைக்கும், எப்போது கடலுக்குப் போகக் கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. மொத்தம் 43 பதிவுகள். எல்லாம் அவர் வீட்டு மேசைக் கணினியில், விண்டோஸ் 7 போட்ட பழைய பெட்டியில் இருந்தன.

ஒரு நாள் போன் செய்தார். "தம்பி, சிஸ்டம் ஆமை மாதிரி ஊருது. அந்த கன்ட்ரோல் ஆல்ட் டெலிட் அழுத்தினா வருமே, அதுல கீழே சிபியு நூறுன்னு காட்டுது. என்ன பண்றது?"

நான் செங்கல்பட்டு ரயில் நிலையத்தில், வண்டி வரும் சத்தத்துக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். "சார், அது ஃபுல்லா ஓடுதுன்னு அர்த்தம். தேவையில்லாததை எல்லாம் எடுத்துவிட்டுப் பாருங்க" என்றேன். திறந்து கிடக்கும் நிரல்களை மூடச் சொன்னதாக என் நினைப்பு.

அவர் எடுத்துவிட்டார். அளவில் பெரிய கோப்புகளாகத் தேடி, 17 ஒலிப்பதிவுகளை, குப்பைத் தொட்டியில்கூடத் தங்காதபடி நிரந்தரமாக அழித்தார். 'கைபேசியில் ஒரு நகல் இருக்கு' என்று நினைத்திருக்கிறார். அந்தக் கைபேசியை மாற்றி ஆறு மாதம் ஆகியிருந்தது. பதிவில் பேசியவர்களில் இருவர் இப்போது இல்லை.

அத்தனையும் அழித்த பிறகும் சிபியு நூறாகவே இருந்தது. மறுபடி போன் வந்தபோதுதான் என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்தது.

'சிபியு' என்று நாம் எதைச் சொல்கிறோம்?

அவர் ஏன் அப்படிப் புரிந்துகொண்டார் என்று யோசித்துப் பார்த்தேன். அவர் மேல் தப்பே இல்லை. நம் ஊரில் 'சிபியு' என்றால் மேசைக்குக் கீழே இருக்கும் பெட்டி. "மானிட்டர் நல்லாத்தான் இருக்கு, சிபியுவை மட்டும் கடைக்குக் கொண்டு வாங்க" என்றுதான் கடையில் சொல்கிறார்கள். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவதும் அதைத்தான். அந்தப் பெட்டி 'நூறு சதவீதம்' என்று காட்டினால் என்ன பொருள்? பெட்டி நிரம்பிவிட்டது என்று பொருள். நிரம்பிய பெட்டியிலிருந்து எதையாவது எடுத்தால்தானே இடம் வரும்? அவர் செய்தது முழுக்கத் தர்க்கப்படியான செயல். போதாததற்கு நானும் 'ஃபுல்', 'எடுத்துவிடுங்க' என்ற இரண்டு சொற்களைத் தந்திருக்கிறேன்.

'தமிழில் சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாமே' என்று தோன்றலாம். அங்கேயும் சிக்கல்தான். பாடநூல் 'மையச் செயலகம்' என்கிறது. செயலகம் என்றால் நமக்குக் கோட்டையில் இருக்கும் தலைமைச் செயலகம்தான் முதலில் நினைவுக்கு வரும். பத்திரிகைகள் 'செயலி' என்கின்றன. ஆனால் கைபேசியில் நிறுவும் ஆப்பும் இன்றைக்குச் செயலிதான். 'செயலிப் பயன்பாடு அதிகம்' என்று எழுதினால், பையன் ஆப்பில் அதிக நேரம் செலவிடுகிறான் என்று பொருளா, சில்லுக்கு வேலை அதிகம் என்று பொருளா? ஒரே சொல்லை இரண்டு பொருளுக்கு வைத்துக்கொண்டு கலைச்சொல்லாக்கம் செய்துவிட்டதாக நாம் மகிழ்ந்துகொண்டிருக்கிறோம். சில்லுக்கு 'நுண்செயலி' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. அதை விடாமல் பயன்படுத்தினாலே பாதிக் குழப்பம் தீரும் என்று நினைக்கிறேன்.

பரனூரில் நிற்கும் வண்டிகள்

சொல்லை விடுவோம், அந்த எண் எதைச் சொல்கிறது?

தீபாவளிக்கு முதல் நாள் இரவு பரனூர் சுங்கச்சாவடியில் நின்றவர்களுக்கு இதை விளக்குவது எளிது. சாவடியில் எட்டு வழிகள் திறந்திருக்கின்றன, எட்டிலும் வண்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டும் வேலையில் இருப்பதால் பயன்பாடு நூறு சதவீதம். ஆனால் ஒவ்வொரு வழியிலும் பின்னால் ஒரு வண்டி நிற்கிறதா, சிங்கப்பெருமாள் கோவில் வரை வரிசை நீள்கிறதா? அந்த எண் இதைச் சொல்லாது. இரண்டு நிலையிலும் அது நூறுதான். நமக்கு வேண்டியது வரிசையின் நீளம், டாஸ்க் மேனேஜர் பெரிய எழுத்தில் காட்டுவதோ சாவடி சும்மா இருக்கிறதா இல்லையா என்பதை.

அதனால் நூறு என்பது தன்னளவில் நோயே அல்ல. 2022 ஜூலை இறுதியில் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடங்கியது. அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருப் பையன் ஒருவன் ஸ்டாக்ஃபிஷ் இயந்திரத்தைத் தன் கணினியில் ஏற்றி, ஆட்டங்களை அலச ஆரம்பித்தான். எல்லா இழைகளையும் அதற்குக் கொடுத்துவிட்டால் நுண்செயலி நூறில்தான் நிற்கும். அதன் வேலையே அதுதான். பையனின் அப்பா பயந்துபோய், "சார், வைரஸ் ஏறிடுச்சு போல" என்று வந்தார். இயந்திரம் நூறில் ஓடும்போதே பையன் இன்னொரு சாளரத்தில் வீட்டுப்பாடம் தட்டிக்கொண்டிருந்தான், எந்தத் தடங்கலும் இல்லை. அந்தக் கணினியில் பழுது எதுவும் இல்லை, கொடுத்த காசுக்கு அது உழைத்துக்கொண்டிருந்தது.

இதற்கு நேர் எதிரான பயம் ஒன்றும் உண்டு. பட்டியலில் 'சிஸ்டம் ஐடில் பிராசஸ்' என்று ஒன்று 97 சதவீதத்தில் இருக்கும். 'இதுதான் எல்லாத்தையும் தின்னுது' என்று அதை நிறுத்தப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். அது சும்மா இருக்கும் நேரத்தின் கணக்கு. ஓய்வையும் ஒரு வேலையாளின் பெயரில் வருகைப் பதிவேட்டில் எழுதி வைத்தால், படிப்பவர் அவனைத்தானே சந்தேகிப்பார்? இதற்குப் படிப்பவரைக் குறை சொல்ல முடியாது, எழுதிய முறை அப்படி.

இரண்டு கருவிகள், இரண்டு கணக்கு

டாஸ்க் மேனேஜரை எழுதியவர் டேவ் பிளம்மர். 1996இல் வெளிவந்த விண்டோஸ் என்டி 4.0உடன் அது வந்தது. எந்த நெருக்கடியிலும் திறக்க வேண்டும், தானே பாரமாகிவிடக் கூடாது என்ற எண்ணத்தோடு எழுதப்பட்ட சிறிய நிரல். அந்த வகையில் அது நல்ல கைவேலை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மற்றதெல்லாம் உறைந்து நிற்கும்போதும் அது திறந்துவிடும்.

யூனிக்ஸ் பக்கம் 'டாப்' என்ற நிரலை வில்லியம் லெஃபீவர் 1984இலேயே எழுதிவிட்டார். லினக்ஸில் இன்று நாம் பார்க்கும் டாப் அதே மரபில் வருவதுதான். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒரு வேறுபாடு தெரியும். எட்டு இழைகள் கொண்ட கணினியில் ஒரு நிரல் ஒரே ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு முடிவில்லாமல் சுற்றுகிறது என்று வையுங்கள். லினக்ஸின் டாப் அதை 100 என்று காட்டும், எட்டும் நிரம்பினால் 800. டாஸ்க் மேனேஜர் மொத்தத்தால் வகுத்துவிடுவதால் அதே நிரலை 12 அல்லது 13 என்று காட்டும். படிப்பவர் '13தானே' என்று தாண்டிப் போய்விடுவார். திரையில் ஒரு நிரல் உறைந்து கிடக்க, மொத்தப் பயன்பாடு வெறும் 13 என்று இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். டாப் அதோடு 'லோட் ஆவரேஜ்' என்று மூன்று எண்களையும் மேலே தருகிறது. அது வரிசையின் நீளத்துக்குக் கொஞ்சம் நெருங்கிய கணக்கு. பரனூரில் எத்தனை வண்டி நிற்கிறது என்று சொல்ல முயல்கிறது என்ற அளவிலாவது, டாப் என்னைப் பொறுத்தவரை நேர்மையான கருவி.

எல்லாரும் ஒரே பெயரில்

டாஸ்க் மேனேஜரைப் பற்றிய என் பெரிய குறை வேறு. அது பெயரைச் சொல்கிறது, ஆளைக் காட்டுவதில்லை.

எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயரை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். விண்டோஸின் பல சேவைகள் ஒரே கூரைக்குக் கீழ் ஓடுவதற்கான வீடு அது. வீட்டு எண் தெரியும், உள்ளே சத்தம் போடுவது யார் என்று தெரியாது. 2013இல் உலகம் முழுக்க விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் இந்தப் பெயரில் நூறைத் தொட்டு, மணிக்கணக்கில் நின்றன. உள்ளே இருந்தது விண்டோஸ் அப்டேட். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு வந்த பழைய திருத்தங்களில் ஒவ்வொன்றும் முந்தையதை நீக்கி அதன் இடத்தைப் பிடிக்கும். அந்தச் சங்கிலியை அது சரிபார்த்த முறையில், ஒரு கண்ணி கூடும்போது வேலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. சதுரங்கப் பலகையில் நெல்மணி வைத்த கதை மாதிரி. 2014 ஜனவரியில் அந்தப் பழைய கண்ணிகளை மைக்ரோசாஃப்ட் தன் பக்கத்திலேயே நீக்கிய பிறகுதான் சிக்கல் தீர்ந்தது. அடுத்த ஏப்ரலில் எக்ஸ்பிக்கான ஆதரவே முடிந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த நாட்களில் நம் ஊரில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து: 'ஃபார்மேட் அடிச்சிடலாம்.' ஆனால் புதிதாகப் போட்ட எக்ஸ்பி, எல்லாத் திருத்தங்களையும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டியிருக்கும். நோய் கணினிக்குள் இல்லை, வெளியிலிருந்து வந்தது. வீட்டைக் காலி செய்து வெள்ளையடித்தாலும் அதே விருந்தாளி வாசலில் நிற்பார். காலி செய்தபோது போன புகைப்படங்கள்தான் மிச்ச நஷ்டம்.

விண்டோஸ் 10இல், 2017இல் வந்த ஒரு பதிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் நினைவகம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சேவைகளுக்குத் தனித்தனி வீடு கொடுத்துவிட்டார்கள். நல்ல திருத்தம்தான், இருபது ஆண்டு முன்னாடியே வந்திருக்கலாம். அதுவரை அந்த வேலையைச் செய்து வந்தது மார்க் ருசினோவிச் எழுதிய பிராசஸ் எக்ஸ்ப்ளோரர். எந்த வீட்டில் எந்தச் சேவை, அதை அழைத்தது யார் என்று மர வடிவில் காட்டும். இன்றும் இலவசம்.

உலாவியும் ஒரு பெரிய கூரைதான். 2017 செப்டம்பரில் காயின்ஹைவ் என்ற சேவை வந்தது. இணையப் பக்கத்தில் நாலு வரி ஒட்டினால் போதும், பார்க்க வருபவரின் கணினி மொனேரோ நாணயம் தோண்ட ஆரம்பித்துவிடும். 2018இல் ஆந்திர அரசின் சில தளங்களில்கூட இத்தகைய நிரல் ஒட்டப்பட்டிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. 2019 மார்ச்சில் அந்தச் சேவை மூடப்பட்டது. அப்போது டாஸ்க் மேனேஜரில் தெரிந்ததெல்லாம் உலாவியின் பெயர் மட்டுமே. 'குரோம் தின்னுது' என்று எல்லாரும் அதை நீக்கி வேறு உலாவி போட்டுக்கொண்டு, அதே பக்கத்தை மறுபடி திறந்தார்கள். குரோமுக்குள்ளேயே ஷிஃப்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் எந்தப் பக்கம் எவ்வளவு எடுக்கிறது என்று தனிப் பட்டியல் வரும். இது பலருக்குத் தெரியாது.

வெயிலும் உப்பும்

சரி, ஆசிரியர் வீட்டில் என்னதான் நடந்தது? அடுத்த ஞாயிறு திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்து பிடித்துப் போனேன். பெட்டி கடல் பார்த்த ஜன்னலுக்குக் கீழே இருந்தது. திருகுகள் துருவேறியிருந்தன. திறந்தால், நுண்செயலியின் மேல் இருக்கும் வெப்பத் தகடுகளுக்கு நடுவே தூசி சாதாரணத் தூசியாக இல்லை. உப்புக் காற்றின் ஈரத்தில் பிசுபிசுத்து, பஞ்சு மெத்தை மாதிரி அப்பியிருந்தது. விசிறி பாதி வேகத்தில் முனகிக்கொண்டிருந்தது. பயாஸ் திரையில் வெப்பம் 91 டிகிரி.

நுண்செயலி அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மறுபடி பரனூருக்கு வாருங்கள். சாவடியில் இருப்பவர் காய்ச்சலோடு மெதுவாக வேலை பார்க்கிறார். வண்டிகள் கூடவில்லை, ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று மடங்கு நேரம் ஆகிறது. சாவடி எப்போதும் நிரம்பியிருக்கிறது, எண் நூறு. வண்டிகளைக் குறைத்துப் பயனில்லை, அவருக்குக் காய்ச்சல் மருந்துதான் வேண்டும். பழைய பெயின்ட் பிரஷ், புது வெப்பப் பசை, ஒரு விசிறி. செலவு ஆயிரத்துக்குள் முடிந்தது. எண் பத்துக்குக் கீழே இறங்கியது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அவருடையது விண்டோஸ் 7 என்பதால் நூறு என்றாவது காட்டியது. விண்டோஸ் 8இலிருந்து டாஸ்க் மேனேஜரின் முதன்மைப் பக்கங்கள் வேறு கணக்குக்கு மாறிவிட்டன. எவ்வளவு நேரம் வேலை என்பதை விட்டு, அடிப்படை வேகத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு வேலை நடந்தது என்று பார்க்க ஆரம்பித்தன. போன மே மாதம் என் மடிக்கணினியும் செங்கல்பட்டு வெயிலில் ஊர்ந்தது. எண் முப்பத்து மூன்றைத் தாண்டவில்லை. அடிப்படை வேகம் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தது, ஓடியதோ 0.8இல். முழு நேரமும் உழைத்தாலும் மூன்றில் ஒரு பங்கு வேலைதான் நடக்கும், எனவே 33. அதாவது ஒரே நோய், ஒரு பதிப்பில் நூறு, அடுத்த பதிப்பில் முப்பத்து மூன்று! வேகம் கூடி ஓடும்போது கணக்கு நூறைத் தாண்டினால் அதை நூறில் வெட்டிவிடவும் செய்தார்கள். அதே நிரலின் 'விவரங்கள்' பக்கம் மட்டும் பழைய கணக்கிலேயே இருந்தது. 2025இல்தான் விண்டோஸ் 11இல் எல்லாப் பக்கங்களையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரே சாளரத்தில் இரண்டு அளவுகோல் இருந்திருக்கிறது. எந்த அளவுகோல் என்று திரையில் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. இதைத்தான் பெரிய குற்றம் என்கிறேன். அளவு தவறாக இருக்கலாம், ஆனால் என்ன அலகில் அளக்கிறோம் என்று சொல்லாமல் இருக்கக் கூடாது.

இப்போது நான் கேட்பவை

இப்போது யாராவது 'சிபியு நூறு' என்று போன் செய்தால் நான் எந்த யோசனையும் சொல்வதில்லை. முதலில் கேள்விகள்தான் கேட்கிறேன்.

கணினி உண்மையிலேயே மெதுவாக இருக்கிறதா, அல்லது எண்ணைப் பார்த்துப் பயமா? எண் மட்டும்தான் என்றால் விட்டுவிடுங்கள்.

எப்போதும் அப்படியா, ஏதாவது ஒன்றைத் திறந்தால் மட்டுமா? ஏதோ ஒரு பக்கத்தைத் திறக்கும்போது மட்டும் என்றால் அந்தப் பக்கம்தான் குற்றவாளி. திருத்தங்கள் நிறுவப்பட்ட மறுநாள் மட்டும் என்றால் ஓர் இரவு ஓட விட்டுப் பாருங்கள்.

பட்டியலில் முதலில் யார்? பெயரை மட்டும் சொல்லாமல், அந்தக் கூரைக்குள் யார் என்று பாருங்கள்.

விசிறி கத்துகிறதா? பெட்டி சுடுகிறதா? வேகம் அடிப்படை வேகத்துக்குக் கீழேயே நிற்கிறதா? அப்படியானால் மென்பொருளைத் தொடவே வேண்டாம். கடற்கரை ஊரில் இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்கலாம்.

கடைசியாக ஒன்று, இதை இரண்டு முறை சொல்கிறேன்: எந்தக் கோப்பையும் அழிக்காதீர்கள். நுண்செயலியின் வேலைக்கும் வட்டில் இருக்கும் இடத்துக்கும் பொதுவாகச் சம்பந்தம் கிடையாது. எந்தக் கோப்பையும் அழிக்காதீர்கள்.

அழிந்த 17 பதிவுகளுக்காக வட்டைத் தனியே கழற்றிக் கொண்டுவந்து, போட்டோரெக் என்ற இலவச நிரலை இரண்டு இரவு ஓட விட்டேன். 9 பதிவுகள் மீண்டன. மீதி எட்டின் மேல் அந்த ஒரு வாரத்தில் வேறு ஏதோ எழுதப்பட்டுவிட்டது. மீண்டவற்றுக்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் ஆசிரியரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்கிறோம். குரலை வைத்து, "இது நம்ம பெரியவருப்பா, வாடையில மாட்டிக்கிட்ட கதை" என்று அவர் சொல்ல, நான் பெயர் எழுதுகிறேன். இப்போது மூன்று இடங்களில் நகல் இருக்கிறது.

இறந்துபோன இருவரில் ஒருவரின் குரல் கிடைத்துவிட்டது. இன்னொருவருடையது கிடைக்கவில்லை. தெண்டி வெள்ளத்தைப் பற்றி அவர்தான் விரிவாகப் பேசியிருந்தார் என்கிறார் ஆசிரியர். தனக்கு நினைவில் இருப்பதைத் தானே பேசிப் பதிவு செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.